சிலை வைத்தார்கள், சோறு வைத்தார்களா?

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு நாய்க்கு வெண்கலச் சிலை இருக்கிறது. குழந்தைகள் ஏறி ஏறி உட்கார்ந்து அதன் முதுகு பளபளக்கிறது.

நாய்க்குப் போய் சிலையா என்று சிரிக்க வேண்டாம். பால்டோ செய்த வேலை அப்படி!

1925 ஜனவரி. அலாஸ்காவில் நோம் என்ற ஊர். டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைக் கொல்ல ஆரம்பித்தது. கடல் உறைந்து கிடந்ததால் கப்பல் வர வழியில்லை. அந்தக் குளிரில் விமானத்தையும் நம்ப முடியவில்லை. மருந்து ரயிலில் நெனானா வரை வந்தது. மீதி 674 மைலும் பனிதான்.

20 வண்டிக்காரர்கள், சுமார் 150 நாய்கள். சறுக்கு வண்டியில் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாளில் மருந்தைச் சேர்த்துவிட்டார்கள். பிப்ரவரி 2 அதிகாலையில் நோமுக்குள் நுழைந்த கடைசி வண்டியை முன்னால் நின்று இழுத்தது பால்டோ. அதிக தூரம் ஓடியது டோகோ என்ற வேறு நாய். ஆனால், கடைசியில் வந்து சேர்ந்தவனுக்குத்தானே மாலை!

அதே வருஷம் டிசம்பரில் சிலை திறந்தார்கள். பால்டோவையும் கூட்டி வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரே கைதட்டல்!

அப்புறம்?

பத்து சென்ட் காட்சி

ஊர் ஊராகக் காட்டினார்கள். மவுசு குறைந்ததும் விற்றுவிட்டார்கள். 1927ல் லாஸ் ஏஞ்சல்சில் ஒரு வேடிக்கைக் கொட்டகையில், பத்து சென்ட் கொடுத்தவர்கள் பார்க்க, பால்டோவும் ஆறு கூட்டாளி நாய்களும் மெலிந்து கட்டுண்டு கிடந்தன. நியூயார்க்கில் சிலை கம்பீரமாக நிற்கிறது. சிலைக்குச் சொந்தக்காரனுக்கோ அரை வயிறு! இது என்ன நியாயம்?

கிளீவ்லாந்து வியாபாரி ஒருவர் கண்ணில் அது பட்டது. 2,000 டாலர் கொடுத்தால் நாய்களை விடுவதாகப் பேச்சு. அவர் தம் ஊராரிடம் கேட்டார். பள்ளிப் பிள்ளைகள் சில்லறை போட்டார்கள். ஆலைத் தொழிலாளர்கள் தொப்பியை நீட்டி வசூலித்தார்கள். பத்தே நாளில் பணம் சேர்ந்துவிட்டது!

ஏழு நாய்களும் கிளீவ்லாந்து மிருகக்காட்சி சாலைக்கு வந்தன. 1933ல் சாகும்வரை பால்டோவுக்கு அங்கே குறையில்லை.

சிலை வைப்பது தப்பில்லை. நன்றி சொல்ல அதுவும் ஒரு வழிதான். ஆனால், வெண்கலத்துக்குப் பசிக்காது. உயிரோடு இருக்கிறவனுக்குப் பசிக்கும். மாலையோடு வருகிறவர்கள், அவன் தட்டில் என்ன இருக்கிறது என்றும் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும்.

பால்டோவுக்கு மெய்யான மரியாதை செய்தது அந்தப் பிள்ளைகளின் சில்லறைக் காசுதான்!