சொடக்குச் சத்தமும் சோதிக்கப்படாத கழுத்தும்

அந்தக் காணொளிகள் ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை. மேசை மீது ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். அவருடைய தலை இன்னொருவரின் இரு கைகளுக்கிடையே இருக்கிறது. கழுத்தருகே சிறியதோர் ஒலிவாங்கி. கண்ணிமைக்கும் நேரத்தில் தலை ஒரு பக்கம் வெட்டித் திருப்பப்படுகிறது. சடசடவென்று சத்தம் கேட்கிறது. படுத்திருப்பவர் முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு சிரிப்பு. டெல்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத் என எந்த நகரின் பெயரை இட்டுத் தேடினாலும் இத்தகைய காட்சிகள் வரிசைகட்டி வருகின்றன. கீழே முன்பதிவுக்கான கைப்பேசி எண்ணும் இருக்கிறது. அந்தக் கழுத்தில் கை வைப்பதற்கு முன் அவரிடம் என்ன கேட்கப்பட்டது, என்ன சோதிக்கப்பட்டது, என்ன சொல்லப்பட்டது என்பது மட்டும் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.

கைரோபிராக்டிக் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கான விடை, காட்டப்படாத அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இந்த முறையின் பிறப்பு 1895-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் நிகழ்ந்தது. அதுவரை காந்த சிகிச்சை செய்துவந்த டி. டி. பால்மர், காது கேளாத கட்டடப் பணியாளர் ஒருவரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்து கேட்கும் திறனை மீட்டதாக அறிவித்தார். முள்ளெலும்புகள் இடம் பிசகி நரம்புகளை நெருக்குவதே ஏறக்குறைய எல்லா நோய்களுக்கும் மூலம் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை அறிவியல் ஏற்கவில்லை. எனினும் அந்தத் தொழில் மறையவில்லை. இரண்டு கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தது. ஒரு கிளை முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு தன்னை நிறுத்திக்கொண்டது. மற்றொன்று ஆஸ்துமா, காதுத் தொற்று, குழந்தையின் வயிற்றுவலி வரை அனைத்தையும் முதுகெலும்பின் வழியே தீர்ப்பதாக இன்றும் சொல்கிறது. 2008-இல் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் பின்னதை விமர்சித்து எழுதியபோது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர் மீது அவதூறு வழக்குத் தொடுத்தது. 2010-இல் தானே அதைக் கைவிட்டது. இவ்விரு கிளைகளையும் வேறுபடுத்தி அறிவது நோயாளிக்கு முதல் பாதுகாப்பு.

அடுத்தது அந்தச் சத்தம். பிசகிய எலும்பு தன் இடத்தில் போய் அமர்ந்த ஓசை என்றே பலரும் அதை நம்புகிறார்கள். உண்மையில் மூட்டுகளுக்கிடையே உள்ள மசகுத் திரவத்தில் அழுத்தம் திடீரெனக் குறையும்போது வாயுக்குமிழ் உருவாகிறது. அதனோடு வருவதே அந்தச் சத்தம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் விரல் மூட்டைச் சொடுக்கும்போது எம்.ஆர்.ஐ. படமெடுத்து இதைக் காட்டினார்கள். சத்தம் வந்தது என்பதால் நோய் தீர்ந்ததாகவோ, வராததால் சிகிச்சை தோற்றதாகவோ பொருளில்லை. ஆனால் ஒலிவாங்கிகள் பதிவு செய்வதும் விற்பனை செய்வதும் அந்தச் சத்தத்தைத்தான்.

இதனால் கைரோபிராக்டிக் முழுவதும் ஏமாற்று என்று முடிவுகட்டுவதும் நேர்மையாகாது. கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை மிதமான பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாக இதற்கும் இடமளித்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி குறித்து உலக சுகாதார அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதை ஒரு தெரிவாக ஏற்கிறது. ஆனால் உடற்பயிற்சி, இயன்முறை மருத்துவம் போன்றவற்றைவிட இது மேலானது என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஏறக்குறைய அவற்றுக்கு இணையானது, அவ்வளவே. வலி சற்றுக் குறையலாம், நடமாட்டம் சற்று எளிதாகலாம். பிதுங்கிய டிஸ்க் ஒரே அமர்வில் உள்ளே போய்விடும் என்பதும், நீரிழிவு கட்டுப்படும் என்பதும் எதிர்பார்க்கத் தக்கவை அல்ல.

பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை சிறியவை. 1997-இல் வெளியான நார்வே ஆய்வொன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குறைந்தது ஒரு முறையாவது வலி, தலைவலி, அயர்ச்சி போன்ற ஏதோவொரு தொந்தரவைச் சொன்னார்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு ஒரு நாளுக்குள் தீர்ந்துவிட்டன. இதை முன்கூட்டியே அறிந்தவர் அஞ்ச மாட்டார், அறியாதவர் பதறுவார்.

அஞ்ச வேண்டிய இடம் கழுத்து. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள் நுழைந்து ஏறுகின்றன. உச்சியிலுள்ள முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டையோட்டுக்குள் புகுகின்றன. தலை வேகமாகத் திருகப்படும்போது இழுபடக்கூடிய இடம் அந்த வளைவு. தமனியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இளம் வயதினரையும் நடுவயதினரையும் தாக்கும் பக்கவாதத்துக்கு இத்தகைய கிழிசல் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

எத்தனை பேருக்கு இது நேர்கிறது? இருபதாயிரம் சிகிச்சைகளில் ஒன்று என்பதிலிருந்து பல இலட்சங்களில் ஒன்று என்பது வரை மதிப்பீடுகள் சிதறிக் கிடக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத் தரவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, இத்தகைய பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் சென்றிருந்த அளவுக்கே பொது மருத்துவரிடமும் நோயாளிகள் சென்றிருந்ததைக் கண்டது. ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனி தந்த கழுத்துவலியோடுதான் அவர்கள் சிகிச்சை தேடிப் போயிருக்கலாம் என்பது அதன் விளக்கம். கைரோபிராக்டர்கள் இந்த ஆய்வைத் தங்களுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அந்த விளக்கம் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. கழுத்துவலியோடு வருபவரின் தமனி ஏற்கெனவே கிழிந்திருக்கக்கூடும் என்றால், அந்தக் கழுத்தைச் சோதிக்காமல் திருகுவதை எதைக் கொண்டு நியாயப்படுத்துவது? அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் எடுத்த நிலைப்பாடு நிதானமானது: காரண காரியத் தொடர்பு உறுதியாகவில்லை, ஆனாலும் கழுத்தைத் திருகுவதற்கு முன் இந்த ஆபத்தை நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்த ஆபத்து கைரோபிராக்டிக் நிலையங்களோடு முடிவதில்லை. முடிதிருத்தகத்தில் தலையைப் பிடித்துவிட்டு இறுதியில் கழுத்தை இருபுறமும் சொடுக்குவது வடக்கிலும் தெற்கிலும் நெடுநாள் பழக்கம். 2024-இல் கர்நாடகத்தின் பல்லாரியில் இப்படித் தலை மசாஜ் செய்துகொண்ட இளைஞர் ஒருவருக்குக் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தது. 2017-இல் டெல்லிப் பகுதியில், கழுத்து சொடுக்கப்பட்ட நடுவயதினர் ஒருவருக்கு உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு மூச்சுவிடுவதே சிக்கலானது. இருவரும் கைரோபிராக்டரிடம் போனவர்கள் அல்லர். ஆனால் தமனிக்கும் நரம்புக்கும் கையின் வேகம்தான் தெரியும். அந்தக் கைக்குரியவரின் பெயர்ப்பலகை தெரியாது.

மேலைநாட்டு ஆய்வுகளில் அதிகம் பேசப்படாத ஒன்றும் இங்கே உண்டு. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். எலும்பைத் தாக்கும் காசநோய் மிகுதியாகப் பற்றும் இடம் முதுகெலும்பு. அது மாதக்கணக்கில் வெறும் முதுகுவலியாகவே தோன்றும்; இருமல் இல்லாமலும் இருக்கும். உள்ளே முள்ளெலும்பு அரிக்கப்பட்டு மெலிந்திருக்கும். அத்தகைய முதுகில் ஓங்கி ஓர் அழுத்தம் விழுந்தால் எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கலாம். நடந்து வந்தவர் கால் செயலிழந்து திரும்ப நேரலாம். புற்றுநோய் பரவிய முதுகெலும்பு, முதுமையில் வலுவிழந்த எலும்பு, முடக்குவாதத்தால் தளர்ந்த கழுத்து ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் விழிக்கவைக்கும் வலி ஆகியவை உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் காணொளிக்கு உதவாது, முதுகெலும்புக்கு உதவும்.

கேட்கத் தவறினால் யார் பொறுப்பு? அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் கைரோபிராக்டர்களுக்கு உரிமம், பதிவு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் சட்டப்படி உண்டு. முழுமையான கைரோபிராக்டிக் கல்விக்கு நான்கு ஆண்டுகளில் 4,200 மணி நேர வகுப்புகள் தேவை என உலக சுகாதார அமைப்பு 2005-இல் வரையறுத்தது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை, பதிவுக் குழுவும் இல்லை. ஆயுஷ் முறைகளிலும் இது சேராது. எனவே வெளிநாட்டில் முறையாகப் பயின்றவரும், இயன்முறை மருத்துவம் படித்துக் கூடுதல் பயிற்சி பெற்றவரும், ஒரு வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்திருக்கலாம். மூவரையும் பிரித்தறியும் வழி நோயாளியிடம் இல்லை. ஒரு மருத்துவ முறையில் அறிவு பெறாமல் அதில் சிகிச்சை செய்பவர் போலி மருத்துவரே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறிவு பெற்றவர் யார் என்று சான்றுரைக்க ஓர் அமைப்பே இல்லாத துறையில், அந்தத் தீர்ப்பை எப்படிப் பயன்படுத்துவது?

மக்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் அரை நாள் காத்திருந்து, மூன்று நிமிடம் பேசி, வலி மாத்திரைச் சீட்டோடு திரும்பியவருக்கு, முதுகைத் தொட்டுப் பார்க்கும் ஒருவர் பெரிய ஆறுதல். வலி மாத்திரைகளும் நெடுநாள் உண்டால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்ற கைரோபிராக்டர்களின் வாதத்தில் உண்மை உண்டு. அறுவைச் சிகிச்சை பற்றிய அச்சமும் நியாயமானதே. அந்த அச்சத்தையும் ஆறுதலையும் நம்பி வருபவரின் கழுத்தைச் சோதனையின்றித் திருப்புவது, அவர் வைத்த நம்பிக்கைக்கே செய்யும் துரோகம்.

முறையான சிகிச்சையில் நோயாளி எதிர்பார்க்க வேண்டியவை தெளிவானவை:

1. முதல் சந்திப்பில் பெரும்பகுதி கேள்விகளிலும் பரிசோதனையிலும் கழிய வேண்டும். பழைய நோய்கள், விபத்து, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவை கேட்கப்பட வேண்டும். கை கால்களின் வலிமையும் உணர்ச்சியும் சோதிக்கப்பட வேண்டும்.

2. செய்யப்போவது என்ன, பலன் எவ்வளவு, ஆபத்து என்ன, மாற்று வழி எது என்று விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். மருத்துவச் சிகிச்சைக்கு இத்தகைய ஒப்புதல் தேவை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது.

3. கழுத்தை வேகமாகத் திருக வேண்டாம் என மறுக்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. மென்மையான அசைவும் பயிற்சியும் பல நேரங்களில் போதுமானவை.

4. இருபது, முப்பது அமர்வுகளுக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். சில வாரங்களில் முன்னேற்றம் இல்லையெனில் மருத்துவரிடம் அனுப்புபவரே நம்பத் தக்கவர்.

5. கைக்குழந்தையின் முதுகெலும்பைச் 'சரிசெய்ய' முன்வருபவரிடம் குழந்தையைக் கொடுக்கலாகாது.

சில அறிகுறிகள் தென்பட்டால் எந்தக் கையும் கழுத்திலோ முதுகிலோ படக்கூடாது. நேரே மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். இதுவரை அறியாத வகையில் திடீரெனத் தோன்றும் கழுத்துவலி அல்லது தலைவலி, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, நடையில் தள்ளாட்டம், ஒரு பக்க இமை சரிவு ஆகியவை கழுத்துத் தமனியின் எச்சரிக்கைகள். சிகிச்சைக்குப் பிறகு இவை தோன்றினால் 'உடம்பு சரியாகிக்கொண்டிருக்கிறது' என்ற சமாதானத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. சிறுநீர், மலம் கட்டுப்பாடிழத்தல், தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், காலில் வலு குறைந்துகொண்டே போதல் ஆகியவை கீழ்முதுகின் அவசர அறிகுறிகள்.

அரசு செய்ய வேண்டியது கடினமானதன்று. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இயன்முறை மருத்துவம் தேசிய ஆணையத்தின் கீழ் வந்திருக்கிறது. முதுகெலும்பையும் கழுத்தையும் வேகமாக அசைக்கும் சிகிச்சையை யார் செய்யலாம், எவ்வளவு பயிற்சிக்குப் பின் செய்யலாம், கேடு நேர்ந்தால் எங்கே பதிவு செய்ய வேண்டும் என்பவற்றை அவ்வாறே வரையறுக்கலாம். தடை விதித்தால் தொழில் மறையாது. கண்ணுக்குத் தெரியாத அறைகளுக்குள் போகும். பதிவேடு ஒன்று இருந்தால், முறையாகப் பயின்றவருக்கும் அது காப்பு.

அதுவரை நோயாளியிடம் இருப்பது ஒரே அளவுகோல். சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்பதை விட்டுவிட்டு, சத்தத்துக்கு முன் எத்தனை கேள்விகள் கேட்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் கழுத்தைப் பிடிக்கும் கையை, அது யாருடையதாக இருந்தாலும், விலக்கிவிடுவதே நல்லது.