குதிரைக்குட்டியின் முறிந்த காலும் உடையவர் கடமையும்

குதிரையின் கால் முறிந்தால் அதன் ஆயுளும் முடிந்தது என்னும் எண்ணம் நம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கின்றது. வளர்ந்த குதிரையைப் பொறுத்தவரை இதில் உண்மை பெரும்பாலும் உண்டு. ஆனால் இளங்குட்டியையும் அதே தராசில் நிறுத்துவது நியாயமன்று. எலும்பு கூடிய மாத்திரத்தில் குட்டி பிழைத்துவிட்டதென்று நம்புவதும் சரியன்று. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் கூடும் சந்தையில் கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகளை வாங்கி வளர்க்கும் குடியானவர்கள் இவ்விரண்டையும் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

குதிரை தன் பாரம் முழுவதையும் நான்கு விரல் நுனிகளில் தாங்கும் பிராணி. முழந்தாளுக்குக் கீழே அதற்குத் தசைப்பற்று இல்லை. எலும்பும் தசைநாண்களும் தோலுமே உண்டு. ஆதலால் முறிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளிவருதல் எளிது. மாடுகளைப் போல் நெடுநேரம் படுத்து இளைப்பாறும் இயல்பும் அதற்கில்லை. நொந்த காலைத் தூக்கியே நாட்கணக்கில் நின்றால் எதிர்க்காலின் குளம்பினுள் அழற்சி கண்டு, குளம்பு எலும்பினின்று பிரியத் தொடங்கும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி நடந்த பந்தயத்தில் பார்பரோ என்னும் மூன்று வயதுக் குதிரையின் வலப் பின்னங்கால் பல துண்டுகளாக முறிந்தது. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையின் கால்நடை வைத்தியசாலையில் மறுநாளே உருக்குத் தகடும் 27 திருகாணிகளும் வைத்து எலும்பை இணைத்தனர். முறிந்த எலும்பு கூடிவந்தது. எனினும் ஜூலை மாதத்தில் இடப் பின்னங்குளம்பில் அழற்சி கண்டது. பின்னர் முன்னங்கால்களும் கெடவே, 2007 ஜனவரி 29-ந் தேதி அதன் துன்பத்தை முடிக்க நேர்ந்தது. பொருளும் திறமையும் குறைவின்றி இருந்த இடத்திலேயே நேர்ந்தது இது. ஆகவே, வைத்தியம் முறிந்த ஒரு காலுக்கன்று, நான்கு கால்களுக்கும் என்பதே எமது அபிப்பிராயம்.

குட்டிக்கோ நம்பிக்கை அதிகம். பிறந்த குட்டியின் எடை தாயின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கே. அதன் எலும்பும் விரைவிற் கூடும். ஆனால் வளரும் காலில் மாவுக்கட்டை நெடுநாள் விட்டுவைத்தால் தோல் புண்ணாகும், தசைநாண்கள் தளரும். பாரம் தாங்கும் எதிர்க்கால் வளைந்துபோகும். ஆகையால் கட்டை அடிக்கடி அவிழ்த்து மாற்றுதல் இன்றியமையாதது. அதற்குரிய செலவையும் மாதங்களையும் முன்னரே கணக்கிட்டுக்கொள்க.

பிழைப்பதும் பிழையாததும் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் செய்வதைப் பொறுத்தவை. குட்டியை நடத்தி வீட்டுக்குக் கொணரலாகாது. தாயைக் கண்ணெதிரே நிறுத்துக. பிரித்தால் குட்டி துள்ளி முறிவைப் பெரிதாக்கும். புண் இருப்பின் சுத்தமான துணியால் மூடுக. சாணச் சாம்பலும் சுண்ணாம்பும் வேண்டா. பஞ்சும் துணியும் கனமாகச் சுற்றி, மூங்கிற் பத்தைகளையோ நெடுக்காகப் பிளந்த தண்ணீர்க் குழாயையோ பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வைத்துக் கட்டுக. கட்டு குளம்பின் அடியில் தொடங்கி முறிவுக்கு மேலுள்ள மூட்டையும் கடந்து செல்ல வேண்டும். தோளிலோ தொடையிலோ முறிந்திருந்தால் கட்டலாகாது. கட்டின் பாரமே முறிவை அசைக்கும். வண்டியில் நின்றபடி கொண்டுசெல்வதாயின், முன்னங்கால் முறிந்ததை வண்டியின் பின்பக்கம் நோக்கியும், பின்னங்கால் முறிந்ததை முன்பக்கம் நோக்கியும் நிறுத்துக; வண்டி சட்டென நிற்கையில் பாரம் நல்ல கால்களில் விழும். ரணஜன்னிக்கு மிக எளிதில் இரையாகும் பிராணி குதிரையாதலால் அதற்குரிய ஊசியை மறவாமற் கேட்டுப் போடுவிக்க வேண்டும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. பிறந்து சில வாரங்களே ஆன குட்டி திடீரென நொண்டினால் ‘தாய் மிதித்துவிட்டது’ என்று எண்ணெய் தடவிக் காத்திருப்பது வழக்கம். தாய் மிதித்து எலும்பு முறிவதும் உண்டுதான். ஆயினும் தொப்புள் வழியே நோய்க்கிருமி புகுந்து மூட்டில் சீழ் கட்டுவதாலும் இவ்வாறு நொண்டும். மூட்டு வீங்கிச் சுடுமாயின் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுக. ஒரு நாள் தாமதத்தால் மூட்டு என்றைக்கும் கெட்டுப்போகலாம்.

எல்லாக் குட்டிகளும் பிழைக்கும் என்று கூற மாட்டோம். எலும்பு நொறுங்கி வெளிவந்து புண் அழுகியதும், மேற்காலில் தேற வழியின்றி முறிந்ததும் நாட்கணக்கில் துடிக்கும்படி விடுதல் இரக்கமாகாது. வைத்தியரின் கையால் வலியின்றி முடிவளிப்பதே அறம். தேறாதென்று கண்டு சாலையில் அவிழ்த்துவிடுவதோ கொடுமையிலும் கொடுமை. பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி பிராணியைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

கிராம அதிகாரிகள் இத்தகைய செய்தி எட்டியவுடன் 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்து நடமாடும் கால்நடை வைத்திய வண்டியை வரவழைக்க முன்வர வேண்டும். குட்டி பிழைக்குமா என்று தீர்ப்புக் கூறுவது வைத்தியர் பொறுப்பு. அவர் வரும்வரை அக்காலை அசையாமற் காப்பது உடையவர் பொறுப்பு. இதனைக் குடியானவர்கள் கைக்கொள்வார்களாயின், வீணே மடியும் குட்டிகள் பல பிழைக்கும் என்பது திண்ணம்.