உதவிப் பிரிவின் செவி

கணினி உதவிப் பிரிவில் கடவுச்சொல் மாற்றிக் கொடுத்துக் காலங்கழித்தவர்க்குத் தகவல் பாதுகாப்புத் துறையில் பிரவேசிக்க யோக்கியதை இல்லை என்று நண்பர் எழுதியிருப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். காஞ்சிபுரத்து ஓரிக்கைத் தறியில் சேலையின் உடலையும் கரையையும் கோர்வையால் இணைக்கும் நெசவாளர், அறுந்த இழையைக் கண் காணுமுன் விரலால் உணர்ந்துவிடுகிறாரே, அந்த ஞானம் எந்தப் பட்டத்தால் வந்தது? அதுபோலவே, 'மேலதிகாரி பேசுகிறேன், உடனே கடவுச்சொல்லை மாற்று' என்று நள்ளிரவில் அவசரப்படுத்தும் குரலின் வஞ்சகத்தை முதலில் கேட்பது உதவிப் பிரிவின் செவியே. ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஆணையிட்டதே, அந்த 6 மணி நேரத்தின் முதல் நிமிஷங்கள் பெரும்பாலும் உதவிப் பிரிவு ஊழியர் கையில்தான் இருக்கின்றன. வலையமைப்பும் லினக்ஸும் பதிவேடுகளை ஆராயும் முறையும் அவர் சிரமப்பட்டுக் கற்கத்தான் வேண்டும், அது மெய். கற்க வருபவருக்கு வாசலை அடைக்காதீர்கள்.