இரைச்சலை அழிக்காதீர்கள்; எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்!

என் பாட்டிக்கு ஒரு தாலாட்டு தெரியும். அவருடைய அம்மா பாடக் கேட்டே மனப்பாடம் ஆனது. புத்தகத்தில் இல்லை, யூடியூபில் தேடினாலும் கிடைக்காது. மூன்று வருடங்களுக்கு முன்பு, முதல் சம்பளத்தில் வாங்கிய கண்டென்சர் மைக்கை அவர் முன்னால் வைத்து அதைப் பதிவு செய்தேன். ஹெட்போனில் கேட்டால், பாட்டியின் குரலுக்குப் பின்னால் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். 'இதெல்லாம் ஒரு மேட்டரா' என்று இரைச்சல் நீக்கும் சாஃப்ட்வேரில் போட்டு, அளவை முழுசாக ஏற்றிவிட்டேன். இரைச்சல் போயே போச்சு. போனில் இடம் இல்லை என்று ஒரிஜினல் ஃபைலையும் டெலீட் செய்துவிட்டேன்.

பாட்டி கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் கண்ணு, நான் என்ன கிணத்துக்குள்ள உக்காந்தா பாடினேன்?"

பாட்டி இன்றும் நன்றாக இருக்கிறார். ஆனால், அந்தக் குரல் இல்லை. இரண்டு வரி பாடினாலே மூச்சு வாங்குகிறது. என்னிடம் மிச்சமிருப்பது கிணற்றுக்குள்ளிருந்து வரும் அந்த ஒரு பதிவு மட்டும்தான்.

வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்யும் பலரும் இதே தவறைத்தான் செய்கிறோம். இரைச்சல் வந்தால் உடனே விலை கூடிய மைக்கைத் தேடுகிறோம். இல்லையென்றால் சாஃப்ட்வேரை நம்புகிறோம். என் கருத்து ஒன்றுதான்: இரைச்சலை மைக்குக்குள் போவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். போன பிறகு எடுப்பது சுத்தம் செய்வது இல்லை, வெட்டி எடுப்பது. கூடவே குரலும் கொஞ்சம் வெட்டுப்படும்.

முதலில் 30 விநாடி சும்மா இருங்கள்

எதையும் பாடாமல், பேசாமல் 30 விநாடி ரெக்கார்ட் செய்யுங்கள். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று வகைதான். 'உம்ம்ம்' என்றால் கரண்ட் சம்பந்தப்பட்டது. 'ஸ்ஸ்ஸ்' என்றால் மைக் தூரமும் கெயினும். 'கடகட', 'தடதட' என்றால் ஃபேன், ஃப்ரிட்ஜ், சாலை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எந்த வகை என்று தெரியாமல் செலவு செய்தால் காசு போகும், சத்தம் போகாது.

'உம்ம்ம்': கரண்ட் பிடிக்கும் சுருதி

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும், அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் ஒயர் வழியாக ஆடியோவுக்குள் புகுந்தால் கேட்பதுதான் இந்த 'உம்ம்ம்'.

கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? குற்றவாளி சார்ஜர் அல்லது எர்த். சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் மெட்டல் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுறுசுறுவென்று இருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. பேட்டரியிலேயே ரெக்கார்ட் செய்துவிடுங்கள். பாட்டு நான்கு நிமிடம்தானே.

நிற்கவில்லையா? அடுத்து ஃபேன் ரெகுலேட்டர், லைட் டிம்மர், மொபைல் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். சில எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள் மின் அலையை நடுவில் வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வெட்டு, எலக்ட்ரிக் கிட்டாரில் 'ஜ்ஜ்ஜ்' என்று கேட்கும். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார் என்றால், உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் சத்தம் சட்டென்று குறையும். அந்தத் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள். ஆடியோ கேபிளையும் பவர் கேபிளையும் ஒன்றாகக் கட்டிப் போடாதீர்கள்; குறுக்கே போக வேண்டியிருந்தால் கூட்டல் குறி போலப் போகட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கறார். 'மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துட்டா சத்தம் நின்னுடும் பாஸ்' என்று யாராவது சொல்வார்கள். நிற்கவும் செய்யலாம். ஆனால், அந்தப் பின் இருப்பது ஆடியோவுக்காக இல்லை, உங்கள் உயிருக்காக. ஆம்ப்ளிஃபயரில் கசிவு ஏற்பட்டால் கரண்ட் போக வேறு வழி இருக்காது. கம்பியைத் தொட்டு கிட்டார் வாசிப்பவரின் உடம்புதான் வழி. சில பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் ஒயரே இருக்காது. புது மைக் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பாருங்கள்.

'ஸ்ஸ்ஸ்': கிட்டே வாருங்கள்

மைக் இரண்டடி தள்ளி இருந்தால் குரல் சன்னமாகப் பதியும். உடனே கெயினைத் திருகுவோம். குரலோடு சேர்ந்து அறையின் இரைச்சலும், கருவியின் சொந்த இரைச்சலும் மேலே வரும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், மைக்குக்கு வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 60 சென்டிமீட்டரில் இருந்து 15 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். ஒரு ரூபாய் செலவில்லாத முன்னேற்றம் இது. இனி கெயினைக் குறைக்கலாம். உச்ச சத்தம் -12 டெசிபலைச் சுற்றி இருந்தால் போதும்.

மைக்கின் முகம் எது என்றும் பாருங்கள். பெரிய கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் பாட வேண்டியது பக்கவாட்டில்; உச்சந்தலையில் இல்லை. கார்டியாய்டு வகை என்றால் அதன் முதுகுப் பக்கம்தான் காது மந்தம். அந்த முதுகை ஜன்னலுக்கோ, சத்தம் போடும் லேப்டாப்புக்கோ காட்டுங்கள்.

'தடதட': வீட்டோடு ஒரு ஒப்பந்தம்

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும். பாடும்போது ஆஃப், இடைவேளையில் ஆன். ஃப்ரிட்ஜையும் நிறுத்தினால், வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி போட மறந்து பாலைக் கெடுத்து அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டியிருக்காது.

சாலையின் அடிநாதத்துக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் உதவும். குரலுக்கு இது சரி. மிருதங்கத்துக்குப் போட்டால் தொப்பியின் கனம் போய்விடும், கவனம்.

சுவரில் ஒட்டும் ஃபோம், முட்டை அட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்தாது. வெளிச் சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், இடுக்குகளை அடைக்க வேண்டும். முட்டை அட்டை இரண்டுக்கும் பெரிதாக உதவாது. எளிதில் தீப்பிடிக்கும் என்பது கூடுதல் ஆபத்து. கனமான போர்வை, மெத்தை, துணி நிறைந்த திறந்த பீரோ: எதிரொலிக்கு இவை போதும்.

'சாஃப்ட்வேர் பார்த்துக்கும்' என்ற நம்பிக்கை

நான் சாஃப்ட்வேருக்கு எதிரி இல்லை. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், இரைச்சல் மட்டும் உள்ள பகுதியை மாதிரியாகக் காட்டினால் அதை மற்ற இடங்களிலும் குறைத்துத் தரும். கொஞ்சமாகப் பயன்படுத்தினால் நல்லதுதான். அந்த 30 விநாடி மௌனம் இங்கேயும் கைகொடுக்கும்.

பிரச்சினை அளவில் இருக்கிறது. இரைச்சலும் குரலும் ஒரே அலைவரிசையில் இருக்கும் இடத்தில், ஒன்றை அதிகமாக எடுத்தால் இன்னொன்றும் போகும். மூச்சு, குழைவு, வரியின் கடைசியில் தேயும் கார்வை: முதலில் காணாமல் போவது இவைதான்.

நம் இசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சுக்காக உருவான பல கருவிகள், மாறாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் எதையும் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். தம்புரா என்ன செய்கிறது? மாறாமல் ஒலிக்கிறது! கொரோனா காலத்தில் ஆன்லைன் பாட்டு வகுப்பு எடுத்தவர்களைக் கேளுங்கள். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை ஆன் செய்யாவிட்டால் சுருதிப்பெட்டி காணாமல் போகும். சுருதியை இரைச்சல் என்று நினைக்கும் கருவியிடம் ஒரு தாலாட்டை முழுசாக ஒப்படைக்கலாமா?

எல்லோர் வீட்டிலும் அமைதி இருக்காது

'ஃபேனை நிறுத்து, கதவைச் சாத்து' என்று சொல்வது எளிது. ஒற்றை அறையில் நான்கு பேர் இருக்கும் வீட்டில், மெயின் ரோட்டை ஒட்டிய மேன்ஷனில் அது நடக்காது. எனக்கும் தெரியும். அவர்களுக்கு நான் சொல்வது: மைக்குக்கு இன்னும் கிட்டே வாருங்கள், முடிந்தால் டைனமிக் மைக் வையுங்கள், அதிகாலையில் பாடுங்கள். அதற்கு மேலும் மிச்சமிருக்கும் சத்தத்தை விட்டுவிடுங்கள். தெரு இரைச்சலோடு உயிருள்ள ஒரு குரலைக் கேட்டுவிடலாம். இரைச்சலே இல்லாத, உயிரும் இல்லாத குரலைக் கேட்க முடியாது.

போன மாதம் பாட்டி வீட்டுக்கு மறுபடி போனேன். ஃபேனை நிறுத்தினேன், லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினேன், மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். இரண்டு வரிதான் பாடினார். நடுவில் தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது. அதை நான் எடுக்கவில்லை. ஒரிஜினல் ஃபைலை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். நீங்களும் சுத்தம் செய்வதாக இருந்தால் நகலில் செய்யுங்கள்; ஒரிஜினலில் மட்டும் கை வைக்காதீர்கள்.