கோப்பைக்கு முன் கல்சுவர்

போர்ட்டோ நகருக்குப் போகிறவர்களில் பலர், ஆற்றின் எதிர்க்கரையான விலா நோவா டி கயாவில் ஒயின் கிடங்குகளைச் சுற்றிப் பார்த்து, இரண்டு மூன்று கோப்பை ருசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே இருப்பவை பீப்பாய்கள். போர்ட் ஒயினுக்கான திராட்சை விளையும் இடத்தைப் பார்க்க, டோரு ஆற்றோரமாகக் கிழக்கே பின்யாவ் வரை ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகவேண்டும். போகத்தான் வேண்டும்.

அந்த மலைச்சரிவுகள் ஷிஸ்ட் பாறையால் ஆனவை. ஏடு ஏடாகப் பிளக்கும் கல். சரிவை உடைத்து, உடைத்த கல்லையே சாந்து பூசாமல் அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்புறம் பாறைத்தூளை நிரப்பிப் படிகளாக்கிக் கொடி நட்டார்கள். மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்குகிறது. வேரும் அதைத் தேடி ஆழத்துக்குப் போகிறது. பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் கல் இரவில் வெளிவிடுகிறது. இந்தச் சுவர்களைக் கட்டியவர்களில் பலர் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைக்க வந்த கூலியாட்கள். அவர்கள் உழைப்பில் உருவான நிலம்தான் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது.

தோட்டங்களுக்கிடையே பழைய கிரானைட் தூண்களும் தென்படும். இவற்றை நட்டபோது, ஒயினில் எல்டர்பெரிப் பழச் சாற்றைச் சாயமாகக் கலக்கும் மோசடி பெருகியிருந்தது. 1756இல் போர்த்துகலின் முதன்மை அமைச்சர் பொம்பால், தனி நிறுவனம் ஒன்றை அமைத்து, எந்த எல்லைக்குள் விளைவது போர்ட் ஒயினுக்கு ஆகும் என்று வரையறுக்கச் செய்தார். அந்த எல்லைக் கற்களே இவை.

சில சரிவுகளில் சுவர் உண்டு, கொடி இல்லை. 1860களில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி தாக்கியபின் திரும்ப நடாமல் விட்ட படிகள் இவை; ‘மோர்த்தோரியோ’ என்கிறார்கள். புதர் மூடிய அந்தப் படிகளைப் பார்த்தால்தான், பக்கத்துச் சரிவில் பச்சை பிடித்திருக்கும் படிகளின் அருமை புரியும்.

1986 வரை போர்ட் ஒயின் கயா கிடங்குகள் வழியாகவே ஏற்றுமதியாக வேண்டும் என்பது சட்டம். அது நீங்கியபின் ‘கிந்தா’ எனப்படும் மலைத்தோட்டங்களே நேரடியாக ஏற்றுமதி செய்யலாம் என்றாயிற்று. இன்று பல கிந்தாக்கள் விருந்தினரை வரவேற்கின்றன. செப்டம்பர் அறுவடையின்போது, கருங்கல் தொட்டிகளில் ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து திராட்சை மிதிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

போகிறவர்கள் முதலில் கோப்பையைக் கேட்காதீர்கள். வெயில் ஏறுமுன், தோட்டத்துப் படிகளில் நடக்கவேண்டும் என்று கேளுங்கள்.