மலையடிவாரத்து மனைகள்

சேலத்தில் பொருள் படைத்தோர் பலரையும் இப்போது ஓர் ஆசை பற்றியிருக்கிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு வீடு வேண்டும் என்பதே அது. கன்னங்குறிச்சிப் பக்கத்தில் விளைநிலங்கள் மனைகளாகிக் கிரயமாகின்றன. குளிர்ந்த காற்றை விரும்புவது குற்றமன்று. ஆனால், அடிவாரம் என்பது மழைநீர் இறங்கும் வழி என்பதை மறப்பதையே நாம் ஆக்ஷேபிக்கிறோம்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை ஹைக்கோர்ட்டார் 2016-ல் தடை விதித்தனர். அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்தச் சர்க்கார் 2017-ல் திட்டம் வகுத்தனர். நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு அதில் இடமில்லை, அது நியாயமே. எனினும், மழைநீர் பட்டா நிலம், புறம்போக்கு என்று பேதம் பார்த்து ஓடுவதில்லையே! கட்டணம் செலுத்தினால் மனைக்கு அங்கீகாரம் கிட்டலாம். தூர்ந்த வாய்க்கால் மீளுமா?

கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் நகர ஜனங்களே முன்னின்று சீர்திருத்தினர். அவ்வேரிக்கு வரும் நீரை மேலே மறிப்பது அவர்கள் உழைப்பைப் பாழாக்குவதாகும். மேலும், சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்து நாமக்கல் ஜில்லாவில் காவிரியைச் சேர்கிறது. மேலே உள்ளோர் விடும் சாக்கடை கீழே உள்ள குடியானவனின் பாசன நீராகிறது.

ஆகவே, வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றுடன் கிராம வரைபடத்தையும் பார்க்கட்டும். ஓடை எங்கே, கழிவுநீருக்கு வழி எது என்று கேட்கட்டும். விடை பெறாமல் அதிகாரிகள் அங்கீகாரம் அளிக்கலாகாது. மலையின் அழகு வாங்கியவருக்கு உரியதாகலாம். அதன் நீர் அனைவருக்கும் பொது.