வேடிக்கை பார்க்க வந்தவர்கள்

“எல்லாம் சும்மா வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், ஸார்! இதில் ஒருத்தனும் படகு வாங்கப் போவதில்லை” என்றார் நண்பர்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

இடம், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சௌதாம்ப்டன் துறைமுகம். 1912-ல் டைட்டானிக் கப்பல் தன் முதல் பயணத்துக்குப் புறப்பட்ட அதே ஊர்தான். அங்கே நீரோரத்துப் பூங்கா ஒன்றில் செப்டம்பர் மாதத்தில் படகுக் கண்காட்சி நடக்கிறது, 1969-ல் ஆரம்பித்தது. நம் நண்பர் ஒரு படகு வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். அவர் தயவில் எனக்கு அழைப்புச் சீட்டு கிடைத்தது. அதாவது, படகு வாங்க வக்கில்லாத நான் இலவசமாக உள்ளே போனேன். அவர் அலுத்துக்கொண்ட கூட்டமோ பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி வந்த கூட்டம். இந்த வேடிக்கையை நான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படகு வியாபாரிகளின் பேச்சில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயர் உண்டாம்: ‘டயரை உதைக்கிறவர்கள்.’ பழைய கார் வாங்க வந்தவன் போல் பாவனை செய்து, சக்கரத்தை இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நடையைக் கட்டுகிறவன் என்று அர்த்தம். “படகுக்கு ஏதய்யா டயர்?” என்று கேட்டேன். நண்பர் சிரிக்கவில்லை. “இவர்களை வடிகட்டிவிட்டு, வாங்கக்கூடிய பேர்களை மட்டும் நேரம் குறித்து வரவழைத்தால் போதும், ஸார். செலவும் மிச்சம், மெத்தையும் அழுக்காகாது” என்றார்.

இது அவருடைய தனிப்பட்ட அபிப்பிராயமாக இருந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். ஆனால் அன்று மாலைக்குள் இதே தத்துவம் அமலில் இருப்பதையும் பார்த்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று மூன்று மாடி உயரத்துக்கு நின்ற ஒரு உல்லாசப் படகின் முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் ஒரு பெண். அவள் என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்துவிட்டு, மிக மரியாதையாக, “நேரம் குறித்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அவள் புன்னகை செய்தாள். அந்தப் புன்னகைக்கு ஒரு கதவின் கனம் இருந்தது. எந்தக் கம்பெனி என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

சின்னப் படகுகளில் இந்தத் தொல்லை இல்லை. செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு ஏறலாம். செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கமான காரியம்தானே! கோயிலில் நம்மை நேரம் குறித்திருக்கிறாயா என்று கேட்பதில்லை என்று ஜம்பமாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். பிறகு சிறப்பு தரிசன டிக்கெட் ஞாபகம் வந்தது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

சரி, இந்த வேடிக்கைக்காரர்கள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

முதலில், படகின் வயிற்றைப் பார்க்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் படகை யாரும் பார்க்கலாம்; அதன் அடிப்பாகத்தைக் கடல் மறைத்துவிடுகிறது. கண்காட்சியில்தான் பாய்ப்படகைத் தரையில் தூக்கி நிறுத்தி வைத்திருப்பார்கள். மேலே அவ்வளவு மெல்லிய உடம்பு. கீழே ஈயமோ இரும்போ வார்த்த கனமான ஓர் இறக்கை. காற்று பாயைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளும்போது இந்தப் பாரம்தான் படகைக் கவிழவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அதன் கீழே ஒரு பையன் குனிந்து உட்கார்ந்து, இரும்பை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தகப்பனார் அவனை அவசரப்படுத்தவே இல்லை.

அப்புறம் அடுப்பு. படகுச் சமையலறை நம் வீட்டு அலமாரி அளவுதான் இருக்கும். அதில் அடுப்பு இரண்டு பக்கமும் முளையில் தொங்குகிறது, தொட்டில் மாதிரி. படகு எவ்வளவு சாய்ந்தாலும் அடுப்பு மட்டும் சாயாமல் மட்டமாகவே நிற்கும். கொதிக்கிற குழம்பு தளும்பாது. வயதான ஒரு தம்பதி அதை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு இருவரும் படுக்கையில் அக்கடாவென்று உட்கார்ந்து கொண்டார்கள். ஒவ்வொரு வருஷமும் வருகிறார்களாம். “இந்த வருஷம் இதில்தான் கிரீஸுக்குப் போகிறோம்” என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்குப் புரிந்தது. ஐந்து நிமிஷத்தில் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள்.

இவர்களை வடிகட்ட வேண்டும் என்கிறார் நண்பர்!

அவருக்குச் சரித்திரத்தை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. லண்டன் படகுக் கண்காட்சி 1955-ன் துவக்கத்தில் ஒலிம்பியா மண்டபத்தில் ஆரம்பித்தது. அதற்கு ஆதரவு கொடுத்தது டெய்லி எக்ஸ்பிரஸ் என்ற நாளிதழ். கவனியுங்கள், ஒரு பத்திரிகை! யுத்தம் முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. தண்ணீரில் பிரியாத ப்ளைவுட்டும் நல்ல பசையும் கிடைக்க ஆரம்பித்த காலம். 1956-ல் நியூஸ் கிரானிக்கிள் என்ற இன்னொரு நாளிதழ், ஜாக் ஹோல்ட் என்ற படகு நிபுணரைக் கொண்டு ‘என்டர்பிரைஸ்’ என்று நீலப் பாய் கட்டிய ஒரு சின்னப் படகை வெளியிட்டது. (நம் பத்திரிகைகள் தீபாவளி மலரோடு ஒரு சீப்பு கொடுத்தாலே நாம் மகிழ்ந்து போகிறோம்.)

அதையெல்லாம் மிஞ்சியது 1963-ல் நடந்த கதை. உழைப்பாளி மக்கள் லட்சக்கணக்கில் படித்த டெய்லி மிரர் பத்திரிகைக்கு, அவர்களே வாங்கக்கூடிய ஒரு படகு வேண்டியிருந்தது. அதே ஜாக் ஹோல்ட்டும், வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வது எப்படி என்று பி.பி.ஸி. தொலைக்காட்சியில் காட்டிவந்த பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். படகு கட்டும் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன்தான் செய்ய முடியும் என்றிருந்த வேலையை, தையல் தெரிந்த எவரும் செய்யலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நிஜமாகவே தையல்தான்! வெட்டி வைத்த ப்ளைவுட் துண்டுகளைப் பெட்டியில் அனுப்புவார்கள். ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டியது. தைத்த இடத்தில் கண்ணாடி நார் நாடாவை வைத்து ரெஸின் பூச வேண்டியது. படகு தயார். நீளம் 10 அடி 10 அங்குலம். கார் கூரைமேல் கட்டி எடுத்துப் போகலாம். பாய் நல்ல சிவப்பு. விலை 63 பவுன் 11 ஷில்லிங்.

இந்த ‘மிரர்’ படகு 1963 ஜனவரியில், ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த லண்டன் கண்காட்சியில்தான் வெளியுலகைப் பார்த்தது. அன்றுவரை படகு என்பதை வேடிக்கை மட்டுமே பார்த்து வந்தவர்களுக்காகச் செய்த படகு அது. அவர்கள் கார் கொட்டகைகளிலும் கூடங்களிலும் வைத்துத் தைத்தார்கள். இதுவரை 70,000-க்கு மேல் மிதந்திருக்கின்றன. சொல்லட்டும் நண்பர், அந்த ஜனவரியில் வாசலில் நின்று வடிகட்டியிருந்தால் இந்தப் படகை யார் பார்த்திருப்பார்கள்?

லண்டன் கண்காட்சி 2004-ல் எக்ஸெல் என்ற பிரம்மாண்ட மண்டபத்துக்குக் குடிபோயிற்று. 2018 ஜனவரியில் நடந்ததே கடைசி. அடுத்த வருஷத்துக்குக் கடை போடப் போதிய பேர் முன்வரவில்லை என்று நடத்தியவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் அல்ல, கடைக்காரர்கள்! இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நான் வியாபாரி அல்ல. ஆனால், வாங்கப் போகிறவன் மட்டும் வந்தால் போதும் என்று கணக்குப் பார்க்கிறவனுக்கு ஒரு மண்டபம் எதற்கு? ஒரு டெலிபோன் போதுமே!

நான் கண்ட வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசை முழுக்க ‘கட்டமரான்’ படகுகள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓடங்கள், நடுவே பாலம்போல் ஒரு வீடு. விற்பனைக்காரப் பையன் அந்தச் சொல்லுக்கு எனக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, “தம்பி, அது எங்கள் பாஷைச் சொல்” என்றேன். “அப்படியானால் உங்கள் ஊரிலும் இப்படித்தான் இரட்டை ஓடமா?” என்று கேட்டான்.

என் நிமிர்ந்த மார்பு மெல்லத் தாழ்ந்தது. நம்முடைய கட்டுமரத்துக்கு ஓடமே கிடையாது. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த தெப்பம் அது. அலை மேலே ஏறி இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். தண்ணீர் தேங்க இடமில்லாததால் மூழ்கவும் முடியாது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துக் காய வைப்பார்கள். இரட்டை ஓடம் பசிபிக் தீவுக்காரர்களின் வித்தை. 1697-ல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல் சோழமண்டலக் கரையில் கண்ட நம் சொல்லைக் கப்பலேற்றியது. பிற்பாடு அது யாருடைய படகிலோ போய் ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொன்னேன். சொல்லும்போதே இன்னொன்று உறுத்தியது. மெரினாவிலும் திருவான்மியூரிலும் எத்தனை சாயங்காலம் காற்று வாங்கியிருக்கிறேன்! கட்டுமரத்துக்கு எத்தனை கட்டை, எந்தக் கட்டை நடுவில் வரும் என்று ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா? இன்று அதே கரைகளில் ஃபைபர் படகுகள்தான் வரிசையாகக் கிடக்கின்றன. பெயரைச் சொல்லிப் பெருமை அடித்த அளவுக்கு நான் பொருளை வேடிக்கை பார்க்கவில்லை. சௌதாம்ப்டனில் இரும்பைத் தட்டிப் பார்த்த அந்தப் பொடியன் என்னைவிட மேல்.

“அதெல்லாம் சரி, ஸார், வியாபாரம் நடக்க வேண்டாமா? மேடை வாடகை யார் கொடுப்பது?” என்றார் நண்பர், தேநீர்க் கடையில்.

நியாயமான கேள்விதான். விற்பவனும் பிழைக்க வேண்டும். ஆனால் நானும் ஒரு வியாபாரிதான் என்பதை அவர் மறந்துவிட்டார். என் நாவலைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைவிட, நூலகத்திலும் பக்கத்து வீட்டிலும் இரவல் வாங்கிப் படிக்கிறவர்கள் பல மடங்கு. இதைப் படிக்கிற உங்களிலேயே எத்தனை பேர் கையில் இருப்பது சொந்தப் புத்தகம் என்று நான் கேட்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். கடையில் நின்றபடியே ஐம்பது பக்கம் படித்துவிட்டுப் போன ஒருவர், மூன்று வருஷம் கழித்து மகளின் கல்யாணத்துக்கு என் புத்தகங்களை மொத்தமாக வாங்கிக் கொடுத்ததுண்டு. அன்று அவரை ‘டயர் உதைக்கிறவர்’ என்று விரட்டியிருந்தால்? வாங்காமலே போய்விட்டாலும்தான் என்ன? படித்தாரே!

நண்பர் பதில் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார்.

வெளியே போகும் வழியில், ஒரு மூலையில், சிவப்புப் பாயோடு ஒரு பழைய ‘மிரர்’ நின்றது. அதன் அருகே ஒரு கிழவரும் எட்டு வயதுப் பேத்தியும். அவர் கையில் அளவு நாடா. மறு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். நண்பர் போய்ப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு?” என்றாள் பேத்தி, நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு.

“பதினோரு அடிக்கு இரண்டு அங்குலம் குறைச்சல். எழுதிக்கொள். நம் கொட்டகை பதினாலு அடி.”

“கதவு, தாத்தா?”

கிழவர் யோசித்தார். கதவை அவர் அளந்து வரவில்லை.